அன்னையரும் ஆடட்டும்!

விளையாட்டு என்றதும் நம் கண்முன் தோன்றுவது எது? நம் பள்ளி மைதானம், சுண்ணாம்புக் கோடுகள், வண்ணக் கொடிகள், பரிசுக் கோப்பைகள் அடுக்கிய மேசை, பந்தலின் நிழலில் அமர்ந்து கை தட்டும் நம் அன்னையர். ஆடுபவர் பிள்ளைகள், பார்ப்பவர் பெற்றோர். இந்த ஒழுங்கில் குறை ஏதும் இருப்பதாக நாம் எவரும் நினைத்ததில்லை. அன்னையருக்கென்று விளையாட்டு விழாவில் ஒரே ஒரு போட்டி உண்டு. அது இசை நாற்காலி. அதிலும் பாதிப்பேர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாணிச் சிரித்துவிட்டு, முதல் சுற்றிலேயே விலகி விடுவர்.

அந்த அன்னையருள் ஒருவர், தம் 43ஆம் வயதில் டென்னிஸ் மட்டையை ஏந்தி, போட்டிக்குப் பெயர் கொடுத்து, வெல்ல வேண்டும் என்றே ஆடினால் என்ன சொல்வோம்? “ஆடட்டுமே, நல்லதுதானே!” என்று பேச்சுப் போட்டி மேடையில் சொல்வது எளிது. வீட்டில் சொல்வது அத்துணை எளிதன்று. இதை நாங்கள் அறிந்தே எழுதுகிறோம். ஏனெனில் அந்த அன்னை எங்கள் அன்னை.

எங்கள் அன்னை ஒரு வங்கியில் பணியாற்றுகிறார். தந்தையார் கல்லூரி ஆசிரியர். பாட்டி எங்களுடன் இருக்கிறார். மக்கள் நாங்கள் இருவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் ஏழாம் வகுப்பு. இருவரும் இப்பள்ளியிலேயே பயில்கிறோம். அன்னையின் 37ஆம் வயதில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, உணவுக்கு முன் எடுத்த சர்க்கரை அளவு 112 என்றிருந்தது. அது 100க்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐ எட்டிவிட்டால் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவே வேலிமேல் நிற்கும் நிலை. “நாள்தோறும் நடங்கள்” என்றார் மருத்துவர். அன்னை இரண்டு மாதம் நடந்தார். பிறகு ஒரு நாள் மழை, மறுநாள் விருந்தினர், அதற்கு மறுநாள் வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை, நடை நின்றுபோயிற்று.

அப்போதுதான் உடன் பணிபுரியும் ஓர் அம்மையார், எங்கள் கோவையில் தாம் ஆடிவந்த டென்னிஸ் மன்றத்துக்கு அன்னையை அழைத்துச் சென்றார். முதல் மாதம் அன்னை அடித்த பந்து வலையைத் தாண்டவே இல்லை. தாண்டியபோது வேலியையும் சேர்த்துத் தாண்டிற்று. ஆயினும் அன்னை விடவில்லை. வாரம் நான்கு நாள், விடியற்காலை ஐந்தே முக்கால் முதல் ஏழு மணி வரை ஆட்டம். ஈராண்டுகளுக்கு முன், பக்கத்து ஊரில் 35 வயதுக்கு மேற்பட்ட மகளிருக்கான இரட்டையர் போட்டியில் முதன்முதலாகப் பெயர் கொடுத்தார். முதல் சுற்றிலேயே 6–1, 6–0 என்று தோற்றுத் திரும்பினார். தோற்று வந்த அன்று அவர் முகத்தில் கண்ட களிப்பை, பதவி உயர்வு வந்த அன்றுகூட நாங்கள் கண்டதில்லை.

உடற்பயிற்சிதான் வேண்டுமென்றால் நடந்தால் போதாதா, போட்டி எதற்கு என்று சிலர் கேட்பர். எங்கள் வீட்டு அனுபவம் இதற்கு விடை கூறுகிறது. நடைக்குப் போகாவிட்டால் கேட்பார் இல்லை. இரட்டையர் ஆட்டத்துக்கு ஒருவர் போகாவிட்டால் மற்ற மூவரின் காலைப்பொழுதும் வீண். ஆதலின் போயே தீர வேண்டும். நாட்காட்டியில் போட்டி நாள் ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், இரவு பத்து மணிக்கு உறங்கவும், எண்ணெய்ப் பலகாரத்தை ஒதுக்கவும், தோள் முழங்கால் பயிற்சிகளைத் தவறாது செய்யவும் தானே மனம் வருகிறது. தேர்வு இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் படிப்போம்? பெரியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்!

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். பொதுத் தேர்வு என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தது. உறவினர் ஒருவர் தொலைபேசியில் அறிவுரை கூறினார். பாட்டி நேராகவே கேட்டுவிட்டார்: “ஏன் அம்மிணி, பரீட்சை எழுதற பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு, இந்த வயசுல என்ன பந்தாட்டம்?” அன்னை மறுமொழி கூறவில்லை. அன்று மாலை மட்டையை உறையிலிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்னையை விடும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் விட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் எங்களுக்கு மகிழ்ச்சியே. இனிக் காலையில் தலை பின்ன ஆள் உண்டு, சூடான தோசை உண்டு, “உன் அம்மா பாவாடைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தாடுகிறார்களாமே?” என்று வகுப்பில் எவரும் கேலி செய்ய மாட்டார்கள். இவ்வளவு சிறிய ஆதாயத்துக்காக அவ்வளவு பெரிய ஒன்றை நாங்கள் கூசாமல் பெற்றுக்கொண்டோம்.

பிறகு நடந்தது என்ன? அன்னை பழக்கத்தால் அதே ஐந்து மணிக்கு எழுந்தார். ஆனால் போக இடமில்லை. பால் தம்ளரை ஏந்திக்கொண்டு எங்கள் படிப்பு மேசையருகே நின்றார். எந்தப் பாடம், எத்தனை பக்கம், ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டார். முன்பு கேட்காத கேள்விகள்! அவருக்குச் சினம் எளிதில் வந்தது, எங்களுக்கும் வந்தது. படியேறும்போது முழங்கால் வலிக்கிறது என்றார். செப்டம்பரில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு 118. அதே மாதம் காலாண்டுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் 500க்கு 421 வாங்கிய மூத்தவள், இப்போது வாங்கியது 418. மூன்று மதிப்பெண் குறைந்ததற்கு அன்னை காரணமல்லர். ஆனால் மட்டையை ஆணியில் மாட்டியதால் மதிப்பெண் ஏறிவிடவில்லை என்பதும் தெளிவாயிற்று.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். எங்கள் தந்தையார் நெடுநாளாக மாலை வேளையில் இறகுப்பந்து ஆடி வருகிறார். ஜூன் மாதத்திலும் ஆடினார், செப்டம்பரிலும் ஆடினார். “பரீட்சை எழுதும் பெண் இருக்கும்போது உமக்கு எதற்கு ஆட்டம்?” என்று உறவினர் கேட்கவில்லை, பாட்டி கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏன்? நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விவரம் தருகிறது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் மேல்! அன்னையின் ஆட்டம் எடுத்துக்கொண்டது ஒன்றேகால் மணி நேரம். குடும்பத்தின் நேரத்தை அவர் திருடினார் என்று யார் சொல்ல முடியும்?

பிள்ளைகளை ஆட வைக்கும் அன்னையரை உலகம் போற்றுகிறது. போற்றத்தான் வேண்டும். சென்னையில் மேகி அமிர்தராஜ் என்ற அம்மையார் தொழிலையும் நடத்திக்கொண்டு ஆனந்த், விஜய், அசோக் என்ற தம் மூன்று மைந்தரையும் டென்னிஸ் வீரராக்கினார். ஆனால் தாமே ஆட விரும்பும் அன்னையிடம் மட்டும் நாம் கணக்குக் கேட்கிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் டாரத்தி லாம்பர்ட் சேம்பர்ஸ் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்றவர். இரண்டு மைந்தருக்குத் தாய். அந்நாளில் அங்கே பரிசுப் பணம் கிடையாது. அனைவரும் ஆர்வத்துக்காக ஆடியவர்களே. 1919ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவருக்கு 40 வயது. எதிரே நின்ற பிரெஞ்சு மங்கை சூசன் லெங்லனுக்கு 20 வயது. 10–8, 4–6, 9–7 என்று லெங்லன் வென்றார். ஆனால் மூன்றாம் செட்டில் இரண்டு முறை, இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் பட்டம் என்ற நிலைக்குச் சேம்பர்ஸ் வந்திருந்தார்! தாயான ஒருவர் மீண்டும் அப்பட்டத்தை வென்றது 1980இல். வென்றவர் ஆஸ்திரேலியப் பழங்குடியில் பிறந்த இவான் கூலகாங். நம் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்று, ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அவரும் தாயான பின்பு 2010ஆம் ஆண்டில் மீண்டும் களம் இறங்கியவரே.

“அவர்களெல்லாம் புகழ் பெற்றவர்கள், நம் வீட்டு அன்னையருக்கு அது பொருந்துமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024இல் தம் 43ஆம் வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டம் வென்ற ரோகன் போபண்ணாவுக்கு அப்போது ஆட்டமே தொழிலாக இருந்தது. பயிற்சியாளர் இருந்தார், உடற்பயிற்சி வல்லுநர் இருந்தார். அதே 43 வயதுடைய எங்கள் அன்னைக்கு ஆட்டத்துக்கு முன் மாவு அரைக்க வேண்டும்; ஆட்டத்துக்குப் பின் வங்கிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆனால் அவரைப் போன்றவர்களுக்காகவே உலக அளவில் வயதுப் பிரிவுப் போட்டிகள் நடைபெறுகின்றன. 30 வயது தொடங்கி ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாக, தொண்ணூறைக் கடந்தவர்கள் வரை ஆடுகின்றனர். உக்ரைன் நாட்டு முதியவர் லியோனிட் ஸ்டானிஸ்லவ்ஸ்கி 2021இல், தம் 97ஆம் வயதில், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் நடந்த உலகப் போட்டியில் பங்கு கொண்டார். அவரை நினைத்தால் 43 என்பது தொட்டில் பருவம் அன்றோ!

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பர். முப்பது வயதைக் கடந்தபின், பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை குறைகிறது. நடுவயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் விரைந்து குறைகிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துவதில் தசைக்கே பெரும்பங்கு. ஓடி, நின்று, திரும்பி, எட்டி அடிக்கும் ஆட்டத்தில் கால், இடுப்பு, தோள், இதயம் அனைத்தும் வேலை செய்கின்றன. வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உடலுழைப்பு இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடுவோரின் ஆயுள் 9.7 ஆண்டுகள் மிகுதியாகக் காணப்பட்டது. இதற்கு ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டென்னிஸ் ஆடுவோர் வசதியுள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் கூடி ஆடுவதும், ஆட்டம் முடிந்து பேசிச் சிரிப்பதும்கூட மருந்தாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். தனியே நடந்தபோது அன்னைக்குக் கிடைக்காதது அதுதான் போலும்!

காலாண்டு மதிப்பெண் வந்த இரவு, சாப்பாட்டு வேளையில் எங்களில் இளையவள் ஒரு கேள்வி கேட்டாள்: “அம்மா, அக்காவுக்குப் பரீட்சை முடிந்ததும் எனக்குப் பத்தாவது வரும், அதற்குப் பிறகு அக்காவுக்குக் கல்லூரி. நீங்கள் எப்போதுதான் ஆடுவீர்கள்?” எவரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துப் பேசியவர் பாட்டி. தாம் சிறுமியாக இருந்தபோது ஊர்க் கிணற்றில் படிக்கட்டின் மேலிருந்து குதித்து நீந்துவாராம், பையன்களையே முந்துவாராம். “கல்யாணத்துக்கப்புறம் கெணத்துல எறங்கவே இல்லை கண்ணு. யாரும் எறங்க வேண்டாம்னு சொல்லலை. எறங்குன்னும் சொல்லலை” என்றார். எங்கள் நெஞ்சில் அது தைத்தது. நாங்கள் அன்னைக்குச் செய்ததும் அதுவே அல்லவா?

அன்றிரவே ஒரு புதிய கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆட்ட நாட்களில் காலைச் சமையல் தந்தையார் பொறுப்பு. அவர் இடும் உப்பு இன்னும் கூடுவதும் குறைவதுமாகவே இருக்கிறது. பசி அதைப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் தலையை நாங்களே பின்னிக்கொள்கிறோம். மதிய உணவை நாங்களே கட்டிக்கொள்கிறோம். இதனால் படிப்பு நேரம் குறைந்தது பதினைந்து நிமிடம். பால் தம்ளருடன் நடந்த வாக்குவாதம் நின்றதால் மிச்சமானது அதைவிட அதிகம்.

ஆடுபவருக்கும் கடமைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வீட்டில் நோயாளி இருக்கும்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆர்வமன்று, வெறி. அன்னை தமக்குத் தாமே சில விதிகள் வகுத்துக்கொண்டார். ஆண்டுக்கு இரண்டு போட்டிகளுக்கு மேல் இல்லை. போட்டி நாளை ஒரு மாதம் முன்பே வீட்டில் அறிவித்து, சம்மதம் கேட்பது. ஞாயிறு காலை ஆட்டம் விழுந்தால் சனி மாலைத் திருப்பலிக்குச் செல்வது. உடலைச் சூடேற்றாமல் முதல் பந்தை அடிப்பதில்லை. வலி வந்தால் வீரம் பேசாமல் ஓய்வெடுப்பது. நடுவயதில் தசைநாரும் முழங்கையும் இருபது வயதுபோல் விரைவில் ஆறுவதில்லை என்பதை அவர் அறிவார். செலவும் உண்டு. மன்றச் சந்தா, பந்து, காலணி எல்லாம் பணம். அதற்காகத் தீபாவளிக்குப் பட்டுச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அனைவருக்கும் டென்னிஸ் கட்டுப்படியாகாது என்பதும் உண்மையே. ஆனால் நாம் பேசுவது டென்னிஸை மட்டும் பற்றியதன்று. எறிபந்தாகட்டும், நீச்சலாகட்டும், பாட்டாகட்டும், கருத்து ஒன்றே.

டிசம்பரில் மீண்டும் அதே ஊரில் அதே போட்டி. ஆட்டம் சனிக்கிழமை, திங்கட்கிழமை எங்களுக்கு அரையாண்டுக் கணக்குத் தேர்வு. “போகட்டுமா?” என்று அன்னை கேட்டார். ஜூன் மாதத்தில் எவரும் கேளாதிருந்த கேள்வி இப்போது வாய்விட்டுக் கேட்கப்பட்டது. “போய் வாருங்கள்” என்றோம். ஒரு சுற்று வென்றார். அடுத்த சுற்றில் ஆளுக்கொரு செட் ஆனபின், பத்துப் புள்ளித் தீர்வாட்டத்தில் 10–8 என்று தோற்றார். மாலையில் வந்து, குளித்து, சோறு வடித்தபடியே அந்தக் கடைசிப் புள்ளியை மூன்று முறை எங்களுக்கு விவரித்தார். நாங்களும் மூன்று முறை கேட்டோம். ஜனவரியில் சர்க்கரை அளவு 104. அதற்கு ஆட்டம் ஒன்றே காரணம் என்று நாங்கள் சாதிக்கவில்லை. அன்னையின் சிரிப்புக்கு அதுதான் காரணம் என்பதை உறுதியாகச் சொல்வோம்.

அன்புத் தோழியரே, தியாகம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்டுப் பெறாத, தேவையா என்று எண்ணிப் பாராத தியாகத்தை வாய்மூடிப் பெற்றுக்கொள்வது அன்பாகாது. குடும்பத்தில் சமநிலை என்பது அன்னை ஒருவர் தலைமேல் சுமக்கும் குடமன்று. வலைக்கு இப்புறம் இருவர் நின்று ஆடும் இரட்டையர் ஆட்டம். ஒருவர் முன்னே சென்றால் மற்றவர் பின்னே வந்து இடத்தை நிரப்ப வேண்டும். இன்றிரவு உங்கள் அன்னையிடம் ஒன்று கேளுங்கள்: “அம்மா, நீங்கள் எதை விட்டுவிட்டீர்கள்?” விடை உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும்.

எங்கள் அன்பிற்குரிய அருட்சகோதரியரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவில் இசை நாற்காலியோடு அன்னையருக்கு எறிபந்துப் போட்டி ஒன்றும் வைக்கலாகாதா? பயிற்சிக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். நிழலில் அமர்ந்து கை தட்டும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இதை எழுதும்போது பொதுத் தேர்வு இன்னும் வரவில்லை. மதிப்பெண் ஏறுமோ குறையுமோ, அறியோம். ஏறினால் எங்கள் உழைப்பு. குறைந்தால் எங்கள் குறை. எப்படியாயினும் அந்த மட்டை மீண்டும் ஆணிக்குப் போகாது. இது உறுதி!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி